எனக்குத் தமிழ் தெரியாது என்று நம்பிய வகுப்பு

இரண்டு வருடங்களுக்கு முன், ஜூன் மாதம் பள்ளி திறந்த வாரத்தில் ஆரம்பித்துத் தசரா விடுமுறையோடு முடிந்துபோன விஷயம் இது. இடம், மைசூரில் நஞ்சன்கூடு ரோட்டுப் பக்கம் இருக்கும் ஒரு சின்னத் தனியார் பள்ளி. அங்கே நான் நாலாம் வகுப்பு டீச்சர்.

நாலாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தவர்களுக்குத் தெரியும், அந்த வயதுப் பிள்ளைகளுக்கு மாதத்துக்கு ஒரு பைத்தியம் பிடிக்கும். ஒரு மாதம், குமிழ் குமிழாக இருக்கும் ரப்பர் பொம்மையை அமுக்கி டப் டப் என்று சத்தம் கிளப்புவார்கள். அடுத்த மாதம் ஸ்ட்ராபெரி வாசனை அழிரப்பர் வரும், வகுப்பு முழுக்க மூக்கில் ரப்பரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அப்புறம் உள்ளங்கையில் வெள்ளைப் பசையைத் தடவிக் காயவைத்துத் தோல் மாதிரி உரிப்பது. நான் உயிரைக் கொடுத்து இங்கிலீஷ் இலக்கணம் நடத்திக்கொண்டிருப்பேன், முன் பெஞ்சிலிருந்து பின் பெஞ்ச் வரைக்கும் எல்லாரும் கையை விரித்து ஊதிக்கொண்டிருப்பார்கள். இதையெல்லாம் பிடுங்கி மேஜை டிராயரில் போட்டுப் பூட்டிவிடலாம். அந்த வருடம் வந்ததை எந்த டிராயரிலும் பூட்ட முடியவில்லை. அந்த வருடம் என் வகுப்புக்குப் பிடித்தது தமிழ்ப் பைத்தியம்.

நான் தமிழச்சிதான். பிறந்தது, வளர்ந்தது, வாக்கப்பட்டது எல்லாம் மைசூர். வீட்டில் கன்னடம் கலந்த தமிழ், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் தமிழ்ப் பூசை, பள்ளிக்கூட கேட்டைத் தாண்டினால் இங்கிலீஷும் கன்னடமும். இது பிள்ளைகளுக்குத் தெரியாது. அவர்களுக்கு நான் வெறும் 'மிஸ்'.

அந்த ஜூனில் சத்தியமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு பெண் குழந்தை என் வகுப்பில் வந்து சேர்ந்தாள். அப்பாவுக்கு நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்து, குடும்பத்தோடு வந்திருந்தார்கள். ஊரில் தமிழ் வழியில் படித்த குழந்தை. கன்னடம் சுத்தமாகத் தெரியாது, இங்கிலீஷ் எழுத்துக் கூட்டுகிற அளவுக்கு வரும். சேர்க்கும்போதே அப்பா தெரிந்த இங்கிலீஷில் எங்களிடம் சொல்லிவிட்டார், இந்த அரை வருடம் பார்ப்பாராம், பெண் இங்கே ஒட்டவில்லையென்றால் ஊரில் அண்ணன் வீட்டில் விட்டு அங்கேயே படிக்க வைத்துவிடுவாராம். அதையே அவளிடம் தமிழில் சொன்னதும் அந்தக் குழந்தை அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டது. அப்பா அம்மாவை விட்டுவிட்டு எந்தக் குழந்தைக்குத்தான் போகப் பிடிக்கும்?

அவர்கள் போனதும் எங்கள் ஹெச்.எம். மேடம் என்னை நிறுத்தி வைத்து ஒன்று சொன்னார். எனக்குத் தமிழ் தெரியும் என்று அவளுக்குத் தெரியவே கூடாது, தெரிந்தால் எல்லாவற்றுக்கும் என்னைப் பிடித்துக்கொள்வாள், இங்கிலீஷ் வராது. எங்கள் பள்ளியில் இது புதிதல்ல. வெளியூரிலிருந்து வரும் பிள்ளைகளை இப்படித் தண்ணீரில் தள்ளித்தான் நீச்சல் கற்றுத் தருவோம். ஹிந்தி பேசும் பிள்ளை வந்தால் ஹிந்தி தெரிந்த டீச்சர் தெரியாத மாதிரி இருப்பார். என்னையும் சின்ன வயதில் இப்படித்தான் கன்னடத்தில் தள்ளினார்கள், நான் நீந்திக் கரையேறவில்லையா என்று எனக்கும் தோன்றியது. சரி மேடம் என்றேன்.

முதல் சில வாரங்கள் அவள் வாயே திறக்கவில்லை. ஒண்ணுக்குப் போக வேண்டும் என்றால்கூட எழுந்து நின்று என்னையே பார்ப்பாள். இங்கிலீஷில் கேள் என்பேன். உதடு துடிக்கும், வார்த்தை வராது. 'போயிட்டு வா கண்ணு' என்று என் நாக்கு நுனி வரைக்கும் வரும். விழுங்கிக்கொண்டு, கேட்க வேண்டிய வாக்கியத்தை இங்கிலீஷில் நானே சொல்லி, திருப்பிச் சொல்ல வைத்து அனுப்புவேன். பெரிய கெட்டிக்காரத்தனம் செய்கிறோம் என்றுதான் அப்போது நினைப்பு.

ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் ஒரு வாலுப் பையன் அவள் டப்பா மூடியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். அவள் விரட்டினாள், பிடிக்க முடியவில்லை, காலைத் தரையில் ஓங்கி மிதித்து, "போடா வெங்காயம்!" என்று கத்தினாள். அத்தனை வாரம் குரலே கேட்காத குழந்தை. வகுப்பே திரும்பிப் பார்த்தது. அவன் ஓடுவதை நிறுத்திவிட்டு அப்படியென்றால் என்ன என்று கன்னடத்தில் கேட்டான். அவளுக்கு என்ன கேட்கிறான் என்று புரிந்துவிட்டது. யாரோ ஒருத்தியின் டப்பாவில் கிடந்த வெங்காயத்தை எடுத்து அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். இங்கே அதற்கு ஈருள்ளி என்று பெயர். 'வெங்காயம்' என்ற சத்தமே அந்தப் பிள்ளைகளுக்குக் கிச்சுக்கிச்சு மூட்டியது போலிருக்கிறது. விழுந்து விழுந்து சிரித்தார்கள், அவளும் சிரித்துவிட்டாள்.

அவ்வளவுதான், தொற்றிக்கொண்டது. தினமும் இடைவேளையில் அவளைச் சுற்றிக் கூட்டம். ஒவ்வொரு காய்க்கும் தமிழில் என்ன, அப்பளத்துக்கு என்ன, குரங்குக்கு என்ன, பொய் சொல்லாதே என்பதற்கு என்ன. அவள் டியூஷன் மிஸ் மாதிரி விரலை நீட்டி நீட்டிச் சொல்லித் தருவாள், தப்பாகச் சொன்னால் தலையில் குட்டுவாள். பதிலுக்கு அவர்கள் அவளுக்குக் கன்னடமும் இங்கிலீஷும் சொல்லிக் கொடுத்தார்கள். நான் வாரக்கணக்கில் தள்ளித் தள்ளிப் பார்த்தும் வராத நீச்சல் அவளுக்கு அங்கே வந்துகொண்டிருந்தது.

டீச்சர்களுக்குத் தெரியாத பாஷை கையில் கிடைத்தால் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? எங்களுக்கெல்லாம் பட்டப்பெயர் வைத்தார்கள். ஒல்லியாக உயரமாக இருக்கும் கணக்கு சார் முருங்கைக்காய். ஹெச்.எம். மேடம் பூசணிக்காய். என் முடி சுருட்டை என்பதால் நான் இடியாப்பம். 'இடியாப்பம் வருது, இடியாப்பம் வருது' என்று கிசுகிசுத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தே பவ்யமாக வணக்கம் சொல்வார்கள். நான் ஒன்றும் புரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு போர்டுப் பக்கம் திரும்பிச் சிரிப்பேன். வீட்டில் சொன்னேன், என் வீட்டுக்காரர் ஒரு வாரம் என்னை அப்படித்தான் கூப்பிட்டார். உண்மையைச் சொன்னால் எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. எனக்குத் தெரியும் என்று யாருக்கும் தெரியாமல் கேட்டுக்கொண்டிருப்பதில் ஒரு ருசி இருக்கிறது.

ஆனால் பாடம் நடக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். சூழ்நிலையியல் வகுப்பில் மண்ணுக்கடியில் விளையும் காய்கறி என்று வந்ததும் ஒருத்தன் வெங்காயம் என்று முனகுவான், வகுப்பே சிரிப்பில் ரெண்டுபடும். அந்தப் பாடம் எடுக்கும் டீச்சர் கன்னடக்காரர், பிள்ளைகள் தன்னைத்தான் கேலி செய்கிறார்கள் என்று நினைத்து ஒருநாள் கண் கலங்கிவிட்டார். ஹெச்.எம். என்னைக் கூப்பிட்டார். என்ன பேசிக்கொள்கிறார்கள், கண்டுபிடித்து நிறுத்துங்கள் என்றார். சும்மா காய்கறிப் பெயர்கள்தான் மேடம், தானாக அடங்கிவிடும் என்று சொல்லி வந்துவிட்டேன். அந்தக் குழந்தையின் அப்பா ஆகஸ்டில் வந்தபோது பெண் வீட்டில் பள்ளிக் கதைதான் பேசுகிறாள், ஊருக்கு அனுப்ப வேண்டியிருக்காது போலிருக்கிறது என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கூட்டத்தைக் கலைக்க எனக்கு மனசு வரவில்லை.

செப்டம்பரில் தேர்வு வந்தது. அதற்கு முந்தைய நாள் சாப்பாட்டு நேரத்தில் நான் என் மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு பெஞ்ச் தள்ளி அந்த வாலுப் பையனும் அவன் கூட்டாளிகளும் அவளோடு உட்கார்ந்திருந்தார்கள். நாலு விடை கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கேள்விகளுக்கு விடைக்கொரு காய் வைத்துக்கொள்ளலாம் என்று திட்டம். முதல் விடைக்கு வெங்காயம், இரண்டாவதற்குக் கத்திரிக்காய், இப்படி. தெரிந்தவன் காயின் பெயரைச் சொன்னால் தெரியாதவன் எழுதிக்கொள்வான். கன்னடத்தைக் கிசுகிசுத்து, மாட்டிவிடக்கூடிய வார்த்தைகளை மட்டும் தமிழில் சொல்லி இதெல்லாம் நடக்கிறது, இடியாப்பத்துக்குத்தான் ஒன்றும் புரியாதே.

அவள் வேகமாகத் தலையை ஆட்டினாள். "வேண்டாம். பரிச்சையில சொல்லக்கூடாது. நான் வெளையாட்டுக்குத்தான் சொல்லிக் குடுத்தேன்" என்றாள். 'வேண்டாம்' என்பது அவர்கள் எல்லாரும் கற்றுக்கொண்டிருந்த வார்த்தை. அவன் ஏதோ கெஞ்சினான். அவள் மறுபடியும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள்.

எனக்குப் பெருமையாக இருந்தது. நம் தமிழ்ப் பிள்ளை என்றுகூட நினைத்தேன். கூப்பிட்டு அந்தப் பையன்களைக் கண்டித்திருக்கலாம், கண்டித்தால் எனக்குத் தமிழ் தெரியும் என்று வெளியே வந்துவிடும். குழந்தைகள் விளையாட்டு, நாளைக்கு மறந்துவிடுவார்கள் என்று சாப்பாட்டை முடித்துக் கையைக் கழுவினேன்.

அவர்கள் மறக்கவில்லை. மறுநாள் தேர்வறையில் இருந்தது சூழ்நிலையியல் டீச்சர். மூலைக்கு மூலை காய்கறிப் பெயர்கள் பறந்திருக்கின்றன, வழக்கமான கேலிதான் என்று அவர் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறார். விடைத்தாள் திருத்தும்போதுதான் குட்டு உடைந்தது. எந்தக் காய் எந்த விடைக்கு என்பதில் அந்த வீரர்களே குழம்பிவிட்டார்கள். வகுப்பில் பாதிப் பேர், ஒட்டகம் கடலில் வாழும் என்று எழுதியிருந்தார்கள்.

மற்ற நேரமாக இருந்தால் ஸ்டாஃப் ரூமில் ஒரு வாரம் சிரித்திருப்போம். ஆனால் அந்த டீச்சர் நொந்துபோயிருந்தார். ஹெச்.எம். வகுப்புக்கே வந்துவிட்டார். இந்த வார்த்தைகளை யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டார். எல்லா விரலும் ஒரே பக்கம் நீண்டது. பிள்ளைகள் பொய் சொல்லவில்லை, கேட்ட கேள்விக்கு அதுதான் பதில். யார் இதைத் தேர்வில் பயன்படுத்தச் சொன்னது என்று கேட்டிருந்தால் வேறு பதில் வந்திருக்கும். அவர் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற நானும் கேட்கவில்லை. அவள் எழுந்து நின்றாள். அவள் தாளில் பாலைவனம் என்று சரியாகத்தான் எழுதியிருந்தது. அதையும் நான் எடுத்துக் காட்டவில்லை.

ஏன் என்று எத்தனையோ தடவை என்னையே கேட்டுப் பார்த்திருக்கிறேன். பயம்தான். நிறுத்தச் சொன்ன மேடத்திடம் ஒன்றுமில்லை என்று சொன்னவள் நான். தேர்வுக்கு முந்தின நாளே எனக்குத் தெரியும் என்று இப்போது சொன்னால், தெரிந்தும் ஏன் சும்மா இருந்தாய் என்ற கேள்வி வரும். தனியார் பள்ளியில் ஒவ்வொரு வருடமும் வேலையைப் புதுப்பித்துக் கொடுப்பார்கள், கொடுக்காமலும் போகலாம்.

மறுநாள் அவள் அம்மாவை வரச் சொன்னார்கள். அப்பாவுக்கு ஷிஃப்ட், அம்மா மட்டும் வந்தார். அவருக்குக் கன்னடமும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது, மேடத்துக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்க்க என்னை உள்ளே கூப்பிட்டார்கள்.

நான் வாயைத் திறந்து, "உட்காருங்க அம்மா" என்றேன். அம்மாவின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. பக்கத்தில் நின்ற குழந்தை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அப்படி ஒரு பார்வையை நான் அதற்கு முன் எந்தக் குழந்தையின் முகத்திலும் பார்த்ததில்லை. சந்தோஷம் முதலில் வந்தது, சத்தியமாகச் சந்தோஷம்தான். அது மெதுவாகப் போய் வேறு என்னவோ வந்தது.

மேடம் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். உங்கள் மகள் தன் பாஷையைச் சொல்லிக் கொடுத்து வகுப்பைக் கெடுத்துவிட்டாள், அதை வைத்துப் பிள்ளைகள் காப்பி அடித்திருக்கிறார்கள், இனிமேல் பள்ளிக்குள் தமிழ் பேசக்கூடாது, மறுபடி நடந்தால் டி.சி. கொடுக்க வேண்டியிருக்கும். ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அந்த அறையில் இரண்டு பக்கமும் புரிந்தது எனக்கு மட்டும்தான். இடையில், 'இவ மேல தப்பில்லம்மா, இவ வேண்டாம்னுதான் சொன்னா' என்று ஒரு வரி நானாகச் சேர்த்திருந்தால் மேடத்துக்குத் தெரிந்திருக்கக்கூடப் போவதில்லை. அவ்வளவு சுலபமாக இருந்தது. நான் சேர்க்கவில்லை.

"என்ற புள்ள அப்படிச் செய்யறவ இல்லீங்க டீச்சர்" என்று ஆரம்பித்த அந்த அம்மா, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். "நீங்க நம்ம பேச்சுப் பேசறீங்க. நீங்க சொன்னாச் செரியாத்தானுங்க இருக்கும்" என்றார். பிறகு மகளைப் பார்த்து, "இனி இங்க வந்து வாயத் தொறந்தீன்னாப் பாத்துக்க" என்றார்.

அம்மா போனதும் குழந்தை என்னோடு வராந்தாவில் நடந்து வந்தாள். வகுப்பு வாசல் வந்ததும் நின்றாள்.

"மிஸ், உங்களுக்குத் தமிழ் தெரியுங்களா?"

நான் தலையாட்டினேன்.

"அப்ப அன்னிக்கு நான் வேண்டாம்னு சொன்னது உங்களுக்குக் கேட்டுச்சுங்களா?"

கோபமாகக் கேட்டிருந்தால் பரவாயில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ஒருவேளை மிஸ்ஸுக்குக் கேட்டிருக்காது என்று எனக்காக ஒரு வழியை அவளே விட்டுவைத்த மாதிரி இருந்தது. உள்ளே போய் உட்கார் என்று சொன்னேன். அதை இங்கிலீஷில் சொன்னேன்.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாவது நாள் காலையில் மேடம் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, சொன்னது நல்லது, ஆனால் திரும்பவும் அந்த அம்மாவைக் கூப்பிட்டால் பள்ளிக்குத்தான் கேவலம், விட்டுவிடுங்கள் என்றார். வேலை போகவில்லை. நான் பயந்த எதுவும் நடக்கவில்லை. அன்று சாயங்காலம் நானே அந்த அம்மாவுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன், மன்னிப்புக் கேட்டேன்.

"அவ ராத்திரியெல்லாம் இதையேதானுங்க டீச்சர் சொல்லி அழுதா. டீச்சர் பொய்யா சொல்லுவாங்கன்னு கேட்டு நான் ஒரு அடி வெச்சுப்போட்டனுங்களே" என்றார். டி.சி. என்ற வார்த்தையைக் கேட்டதிலிருந்து அவள் அப்பா முடிவு செய்துவிட்டாராம். அவர்கள் வெளியே அனுப்புவதற்கு முன் நாமே அழைத்துக்கொண்டு போய்விடலாம் என்று. அண்ணனிடமும் பேசிவிட்டாராம். நான் அவரிடம் பேசட்டுமா என்று கேட்டேன். எடுத்த முடிவை அவர் மாற்றமாட்டார் என்றார். ஆனாலும் பேசினேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார், மாற்றவில்லை.

வகுப்பில் அந்தப் பைத்தியம் அந்த வாரமே அடங்கிவிட்டது. பென்சில் சீவிய துருவலைப் பசையில் ஒட்டிப் பூச் செய்யும் புதுப் பைத்தியம் வந்தது. இடைவேளையில் அவளைச் சுற்றிக் கூட்டம் இல்லை. அந்த வாலுப் பையன் மட்டும் தினமும் தன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய் அவள் பக்கத்தில் உட்காருவான், இரண்டு பேரும் பேசாமல் சாப்பிடுவார்கள். நான் அவளிடம் தமிழில் பேச ஆரம்பித்தேன், மேடம் இருந்தாலும் பேசினேன். அவள் தலையை ஆட்டுவாள், இல்லையென்றால் கன்னடத்தில் 'கொத்தில்லா மிஸ்' என்பாள். தெரியாது மிஸ் என்று அர்த்தம்.

தசரா விடுமுறைக்கு முந்தைய நாள் அவளுடைய கடைசி நாள். ஊரெல்லாம் விளக்குக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பா ஆபீஸ் அறையில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார், அவள் புது கவுன் போட்டுக்கொண்டு எல்லா டீச்சருக்கும் சாக்லேட் கொடுத்துக்கொண்டு வந்தாள். என்னிடம் வந்தபோது மண்டியிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "நீ வேண்டாம்னு சொன்னது எனக்கு நல்லாக் கேட்டுச்சு கண்ணு. நான்தான் சொல்லாம இருந்துட்டேன். தப்பு என்னோடது" என்றேன்.

அவள் என்னை நேராகப் பார்த்தாள். "இட்ஸ் ஓகே மிஸ். தேங்க் யூ, மிஸ்" என்றாள். உச்சரிப்பில் ஒரு பிசிறு இல்லை. நான் சொல்லிக் கொடுத்தபடியே இருந்தது. பின்னால் நின்ற ஹெச்.எம். மேடம் என் தோளைத் தொட்டு, பார்த்தீர்களா, எவ்வளவு அழகாகப் பேசுகிறாள் என்று சந்தோஷப்பட்டார்.

இப்போதெல்லாம் ஜூன் மாதம் வகுப்பில் புதிதாக ஒரு பிள்ளை வந்தால், அது எந்த ஊர்ப் பிள்ளையாக இருந்தாலும், எனக்கு என்னென்ன மொழி தெரியும் என்று முதல் நாளே சொல்லிவிடுகிறேன். மேடமும் ஒன்றும் சொல்வதில்லை. பிள்ளைகளுக்கு அதில் நிம்மதி இருக்கிறது, கண்ணால் பார்க்கிறேன். ஆனால் அதை முதலில் யாரிடம் சொல்லியிருக்க வேண்டுமோ, அந்தக் குழந்தை அன்று வராந்தாவில் தமிழில் கேட்ட கேள்விக்கு நேரத்துக்கு ஒரு 'ஆமாம்' சொல்லாமல் போனது இன்றைக்கும் என்னை உறுத்திக்கொண்டுதான் இருக்கிறது.